ஒரே பள்ளி, இரண்டு நோபல் பரிசுகள்

கரீபியன் கடலில் செயின்ட் லூசியா என்றொரு தீவு நாடு இருக்கிறது. அதன் பரப்பளவு சுமார் 616 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டு இலட்சத்திற்கும் குறைவு. வகுப்பறையில் நாம் மாட்டும் உலக வரைபடத்தில் அதைப் பென்சில் முனையால் தொட்டால் தீவே மறைந்துவிடும். அந்தத் தீவில் பிறந்த இருவர் நோபல் பரிசு பெற்றிருக்கிறார்கள். 1979-ல் பொருளாதாரத்திற்காக ஆர்தர் லூயிஸ், 1992-ல் இலக்கியத்திற்காக டெரெக் வால்காட். இருவரின் பிறந்த நாளும் ஜனவரி 23. லூயிஸ் பிறந்தது 1915-ல், வால்காட் 1930-ல். இருவரும் படித்தது ஒரே உயர்நிலைப் பள்ளியில். தலைநகர் காஸ்ட்ரீஸில் உள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரி என்னும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி அது.

அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கும் நான், கண்டங்கள், காலனி ஆட்சி ஆகிய பாடங்களுக்காகத் துணைச் செய்திகள் திரட்டும்போது இந்தப் பள்ளியைப் பற்றி அறிந்தேன். இப்படி ஒரு செய்தி கிடைத்ததும் நம் மனதில் எழும் முதல் கேள்வி, “அந்தப் பள்ளியில் அப்படி என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?” என்பதுதான். அதற்கு விடை தேடப்போனால், பாடத்திட்டத்தையும் கற்பித்தல் முறையையும் தாண்டிப் பல செய்திகள் கிடைக்கின்றன. அவற்றுள் சில நம் தொழிலை நாமே புதிதாகப் பார்க்க உதவுபவை. அவற்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தீவும் பள்ளியும்

செயின்ட் லூசியாவைப் பிரான்சும் பிரிட்டனும் மாறி மாறிப் பிடித்தன. 14 முறை கைமாறிய தீவு என்று அதன் வரலாற்றைச் சொல்வார்கள். 1814-ல் அது முடிவாகப் பிரிட்டன் வசமானது. ஆனால் மக்களின் பேச்சுமொழியும் சமயமும் பிரெஞ்சுக் காலத்தின் சாயலிலேயே நீடித்தன. பெரும்பாலோர் கத்தோலிக்கர். வீட்டிலும் சந்தையிலும் பேசியது க்வேயோல். பிரெஞ்சுச் சொற்களையும் ஆப்பிரிக்க மொழிகளின் அமைப்பையும் கொண்டு, கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த மக்களிடையே உருவான மொழி அது. ஆட்சி, நீதிமன்றம், பள்ளி ஆகியவற்றின் மொழி ஆங்கிலம்.

இந்தச் சூழலில் 1890-ல் கத்தோலிக்கத் திருச்சபை செயின்ட் மேரிஸ் கல்லூரியைத் தொடங்கியது. ‘கல்லூரி’ என்ற பெயரைக் கண்டு பட்டப்படிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கப்படி வந்த பெயர் அது. 11, 12 வயதில் ஆரம்பப் பள்ளியை முடித்த சிறுவர்கள் சேர்ந்து படிக்கும் உயர்நிலைப் பள்ளிதான். பெண்களுக்கான செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்ட் அதற்கும் முன்பே, 1854-ல், கன்னியர்களால் தொடங்கப்பட்டிருந்தது. ஆண்களுக்கோ பல பத்தாண்டுகள் வரை தீவு முழுவதற்கும் இந்த ஒரே உயர்நிலைப் பள்ளிதான். 1940-களின் பிற்பகுதியில் அயர்லாந்தைச் சேர்ந்த பிரசன்டேஷன் சகோதரர்கள் என்னும் துறவியர் சபை பள்ளியின் பொறுப்பை ஏற்றது. தொடக்கத்தில் நகருக்குள் இருந்த பள்ளி, பின்னர் துறைமுகத்தின் வடக்கே உள்ள விஜி தீபகற்பத்திற்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். இந்தக் கத்தோலிக்கப் பள்ளிக்குப் புகழ் தேடித் தந்த இருவருமே கத்தோலிக்கர் அல்லர். வால்காட் மெதடிஸ்ட் குடும்பத்தவர். லூயிஸின் குடும்பம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. தீவின் சமயச் சிறுபான்மையினர் இவர்கள்.

இரண்டு வகுப்பு தாண்டிய சிறுவன்

ஆர்தர் லூயிஸின் பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள்; ஆன்டிகுவா தீவிலிருந்து வந்து குடியேறியவர்கள். லூயிஸுக்கு ஏழு வயதாக இருந்தபோது உடல்நலம் குன்றிச் சில வாரங்கள் பள்ளிக்குப் போக முடியவில்லை. பாடம் விட்டுப்போகக் கூடாதென்று தந்தையே வீட்டில் கற்பித்தார். பள்ளி இரண்டு ஆண்டுகளில் நடத்துவதை அவர் மூன்று மாதங்களில் நடத்தி முடித்துவிட்டார் என்று லூயிஸ் பின்னாளில் எழுதினார். மீண்டும் பள்ளிக்குச் சென்றதும் நான்காம் வகுப்பிலிருந்து நேராக ஆறாம் வகுப்பில் அமர்த்தப்பட்டார்.

இதைப் படிக்கும் எந்த ஆசிரியருக்கும் பெருமிதம் தோன்றும். ஆனால் லூயிஸ் அதை எப்படி நினைவுகூர்ந்தார் என்பது முக்கியம். அன்று முதல் 18 வயது வரை தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களோடுதான் அவர் பழக வேண்டியிருந்தது. விளையாட்டிலும் உடல் வலிமையிலும் தான் தாழ்ந்தவன் என்ற எண்ணம் அவரை மிகவும் வாட்டியது. அதே அனுபவம்தான், அதிக மதிப்பெண்ணே எல்லாம் ஆகிவிடாது என்ற தெளிவையும் அவருக்கு வாழ்நாள் முழுவதும் தந்தது. நோபல் பரிசு பெற்றவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் இதை மறக்காமல் எழுதியிருக்கிறார். மெல்லக் கற்கும் மாணவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். விரைந்து கற்கும் மாணவனுக்கும் ஒரு தனிமை உண்டு என்பதை இந்தக் குறிப்பு நினைவூட்டுகிறது.

அதே ஏழாவது வயதில் தந்தை இறந்துபோனார். ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை ஐந்து மகன்களைத் தனியாக வளர்த்தெடுத்தார் தாய். தான் கண்டவர்களிலேயே மிகவும் கடுமையாக உழைத்தவர், மிகுந்த ஒழுங்கு உடையவர் தன் தாய்தான் என்றார் லூயிஸ்.

14 வயதிலேயே செயின்ட் மேரிஸ் பள்ளியின் படிப்பு முழுவதையும் முடித்துவிட்டார். அடுத்த படி, பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் படிக்க அரசு தரும் உதவித்தொகைக்கான தேர்வு. அதை எழுத 1932 வரை வயது போதாது. இடைப்பட்ட காலத்தில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கடிதம் எழுதவும், தட்டச்சு செய்யவும், கோப்புகளை ஒழுங்காக வைக்கவும் அந்த வேலை தனக்குக் கற்றுத் தந்தது என்றே அதையும் அவர் மதிப்பிட்டார்.

உதவித்தொகை கிடைத்தது. என்ன படிப்பது? பொறியாளர் ஆக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் கறுப்பினப் பொறியாளர் ஒருவரைத் தீவின் அரசும் வேலைக்கு எடுக்காது, வெள்ளையர் நிறுவனங்களும் எடுக்கா. படித்துப் பயனில்லை என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டு, 1933-ல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். பொருளாதாரம் என்றால் என்னவென்று அதுவரை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. 1937-ல் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டே அங்கு விரிவுரையாளரானார்; அந்நிறுவனத்தின் முதல் கறுப்பின ஆசிரியர் அவர். 1940-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1954-ல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை வளர்ச்சிப் பொருளாதாரத்தின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதன் மையக் கருத்தை எளிமையாக இப்படிச் சொல்லலாம். நான்கு பேர் செய்தால் முடிந்துவிடக்கூடிய வயல் வேலையை ஒரு குடும்பத்தில் ஏழு பேர் பங்கிட்டுச் செய்கிறார்கள். மூன்று பேர் வெளியே போனாலும் விளைச்சல் குறையாது. இவ்வாறு மிகையாக இருக்கும் உழைப்பாளர்களைத் தொழில்துறை, வயிற்றுப்பாட்டிற்குச் சற்றே கூடுதலான கூலியில் அமர்த்திக்கொள்ள முடிகிறது. கிடைக்கும் இலாபம் மீண்டும் முதலீடானால் தொழில் பெருகும். கிராமத்தில் மிகை உழைப்பாளர்கள் தீரும் கட்டத்தில்தான் கூலி உயரத் தொடங்கும். அந்தக் கட்டத்திற்கே ‘லூயிஸ் திருப்புமுனை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உணவுப் பயிர் விளைச்சல் உயராத நாட்டில், ஏற்றுமதிப் பயிர் செய்யும் தொழிலாளியின் கூலியும் உயராது என்பதையும் அவர் வலியுறுத்தினார். கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தீவில் வளர்ந்தவருக்கு இந்தச் சிந்தனை நூலகத்திலிருந்து மட்டும் வந்திருக்காது.

கணக்கில் தவறிய கவிஞர்

டெரெக் வால்காட்டும் அவருடைய உடன்பிறப்பான ரோடரிக்கும் இரட்டையர். இருவருக்கும் ஏறத்தாழ ஒரு வயதானபோதே தந்தை வார்விக் இறந்துவிட்டார். அவர் அரசு அலுவலர். ஓய்வு நேரத்தில் நீர்வண்ண ஓவியம் தீட்டியவர், கவிதை எழுதியவர். தாய் அலிக்ஸ் மெதடிஸ்ட் பாலர் பள்ளியில் ஆசிரியர். தையல் வேலையும் செய்து பிள்ளைகளை வளர்த்தார். தந்தை விட்டுச்சென்ற ஓவியங்களும் புத்தகங்களும் அந்த வீட்டில் இருந்தன. தாய் மனப்பாடமாகக் கவிதைகளும் நாடகப் பகுதிகளும் சொல்லிக் கேட்டு வளர்ந்தார் வால்காட்.

14 வயதில் அவர் எழுதிய கவிதை ஒன்று உள்ளூர் நாளிதழில் வெளிவந்தது. இயற்கையில் கடவுளைக் காண்பதாக அமைந்த அந்தக் கவிதை சமயத்திற்கு முரணானது என்று ஒரு கத்தோலிக்கக் குரு கண்டித்து, அதையும் கவிதையாகவே எழுதி அதே நாளிதழில் வெளியிட்டார். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும்! ஆயினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1948-ல், 18 வயதில், 25 கவிதைகள் அடங்கிய தொகுப்பை வெளியிட விரும்பித் தாயிடம் 200 டாலர் கேட்டார். ஓர் ஆசிரியையின், தையற்காரரின் வருமானத்தில் அது பெருந்தொகை. எப்படியோ திரட்டிக் கொடுத்தார் அந்தத் தாய். புத்தகம் டிரினிடாட்டில் அச்சானது. வால்காட் அதைத் தெருவில் நின்றும் நண்பர்களிடமும் விற்றுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

லூயிஸுக்குக் கிடைத்த அந்த உதவித்தொகை வால்காட்டுக்குக் கிடைக்கவில்லை. காரணம், கணிதத்தில் அவர் பின்தங்கியிருந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தான் படித்த செயின்ட் மேரிஸ் பள்ளியிலேயே இளம் ஆசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கிருந்த அயர்லாந்துத் துறவியர் வழியாக அந்நாட்டு எழுத்தாளர்கள்மீது அவருக்கு ஈடுபாடு பிறந்தது. ஆங்கிலேயர் ஆண்ட இன்னொரு தீவின் மக்கள், ஆங்கிலத்தையே தம் வசமாக்கி எழுதிய முறை அவரைக் கவர்ந்தது. மீனவர்களின் வாழ்வை வைத்து அவர் எழுதிய தொடக்கக்கால நாடகம் ஒன்று, அயர்லாந்து நாடகாசிரியர் சிஞ்சின் படைப்பை முன்மாதிரியாகக் கொண்டது. பின்னர் 1950-ல் வேறொரு உதவித்தொகை பெற்று ஜமைக்காவில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் படிக்கச் சென்றார்.

ஒரே பள்ளியின் இரண்டு மாணவர்கள். ஒருவர் தேர்வில் முதலிடம் பெற்று மேலே சென்றார். மற்றவர் அதே தேர்வில் தவறி, சுற்றுவழியாகச் சென்றார். இறுதியில் இருவரும் சேர்ந்த இடம் ஒன்றுதான். ஒரு தேர்வு ஒரு மாணவனைப் பற்றி எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லாமல் விடுகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

வகுப்பறைக்கு வெளியே ஓர் ஆசிரியர்

வால்காட்டை உருவாக்கியவர்களைப் பட்டியலிட்டால், எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் வராத ஒருவரைச் சேர்க்க வேண்டும். அவர் ஹாரோல்ட் சிம்மன்ஸ். ஓவியர், தீவின் நாட்டுப்புற வழக்காறுகளைத் தொகுத்தவர், வால்காட்டின் தந்தைக்கு நண்பர். தன் ஓவியக்கூடத்தையும் புத்தகங்களையும் ஆர்வமுள்ள சிறுவர்களுக்குத் திறந்துவைத்தார். வால்காட்டும் அவருடைய நண்பர் டன்ஸ்டன் செயின்ட் ஓமரும் அங்கே ஓவியம் பயின்றார்கள். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுப்பதோடு நிற்காமல், தங்கள் தீவின் மலை, கடல், மீனவர், சந்தை ஆகியவை ஓவியத்திற்கும் கவிதைக்கும் உரிய பொருள்கள்தாம் என்பதை அங்கேதான் உணர்ந்தார்கள். தீவு முழுவதையும் வண்ணத்திலும் சொல்லிலும் பதிவுசெய்யும்வரை அதைவிட்டுப் போவதில்லை என்று இளைஞர்கள் இருவரும் சூளுரைத்துக்கொண்டதை வால்காட் பின்னாளில் தன் நெடுங்கவிதை ஒன்றில் பதிவுசெய்தார்.

செயின்ட் ஓமரும் செயின்ட் மேரிஸ் மாணவரே. 1967-ல் தீவு தன்னாட்சி பெற்றபோது அதன் கொடியை வடிவமைத்தவர் அவர்தான். நீல நிறக் கடல், அதன் நடுவே கடலிலிருந்து எழும் பிட்டன் மலைச் சிகரங்களைக் குறிக்கும் முக்கோணம், அதில் கறுப்பு, வெள்ளை, பொன்னிறம். காஸ்ட்ரீஸ் பேராலயத்திலும் ரோசோ பள்ளத்தாக்கின் ஜாக்மெல் தேவாலயத்திலும் அவர் தீட்டிய சுவரோவியங்களில், திருக்குடும்பமும் புனிதர்களும் அத்தீவு மக்களின் கறுத்த முகங்களோடு இருக்கிறார்கள்.

நகரத்தின் துறைமுகம் வால்காட்டின் படைப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. காஸ்ட்ரீஸ் ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ளும் முக்கியத் துறைமுகம். நிலக்கரிக் கூடைகளைத் தலையில் சுமந்து, சரிந்த பலகைமீது வரிசையாக ஏறிக் கப்பலில் கொட்டியவர்கள் பெண்கள். 1990-ல் வெளிவந்த ‘ஒமெரோஸ்’ என்னும் காவியத்தில் அந்தப் பெண்களுக்கு வால்காட் இடம் கொடுத்தார். காவியத் தலைவர்களாக அவர் தேர்ந்தது அரசர்களை அல்ல, தன் ஊர் மீனவர்களை. 1992-ல் நிகழ்த்திய நோபல் உரையையும் அவர் ஒரு சிற்றூரிலிருந்தே தொடங்கினார். டிரினிடாட்டில், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஃபெலிசிட்டி என்ற ஊரில், திறந்தவெளியில் நடக்கும் இராமாயண நாடகத்தைக் காண்பதிலிருந்து அந்த உரை விரிகிறது.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி

இந்தக் கதையில் ஆசிரியர்கள் கருதிப்பார்க்க வேண்டிய இருண்ட பக்கமும் உண்டு. தீவின் பள்ளிகளில் நீண்ட காலம் க்வேயோல் பேசத் தடை இருந்தது. பேசினால் தண்டனை. ‘உடைந்த பிரெஞ்சு’ என்று படித்தவர்களே அதை இழிவாகச் சொன்னார்கள். வீட்டில் பேசும் மொழியில் வாயைத் திறந்தாலே தவறு என்றால், கிராமத்துக் குழந்தை வகுப்பில் என்ன செய்யும்? பேசாமல் இருக்கும். பேசாத குழந்தையை ‘ஒன்றும் தெரியாத குழந்தை’ என்று பள்ளி முடிவு கட்டிவிடும்.

ஆங்கிலம் பேசும் நகர்ப்புற வீட்டில், ஆசிரியையின் மகனாக வளர்ந்த வால்காட்டுக்கு இந்தத் தடையால் பெரிய இழப்பில்லை. ஆயினும் தன் நாடகங்களிலும் கவிதைகளிலும் அவர் க்வேயோல் பேச்சையும் கலந்து எழுதினார். இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தீவு முழுவதும் க்வேயோல் நாள் கொண்டாடப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகள் மரபு உடை அணிந்து, அந்த மொழியில் பாடியும் நடித்தும் மகிழ்கிறார்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

லூயிஸ், வால்காட் இருவரின் கதையையும் எட்டாம் வகுப்பில் ஒருமுறை சொன்னேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். பிறந்த நாள் ஒன்றாக இருப்பதைக் கேட்டுக் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “சார், அந்த ஸ்கூல்ல இடம் கிடைக்காதவங்க எல்லாம் என்ன ஆனாங்க?”

இந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். தீவு முழுவதற்கும் ஆண்களுக்கு ஒரே உயர்நிலைப் பள்ளி. அங்கும் கட்டணம் செலுத்த முடிந்தவர்களுக்கும், மிகச் சில உதவித்தொகை மாணவர்களுக்குமே இடம். ஆரம்பப் பள்ளியில் படித்த பெரும்பாலான சிறுவர்கள் அந்த வாசலை மிதித்ததே இல்லை. அவர்கள் கரும்புத் தோட்டத்திற்கும், படகுக்கும், துறைமுகத்திற்கும் போனார்கள். வென்ற இருவரின் வீடுகளையும் பாருங்கள். வறுமை இருந்தது உண்மை. ஆனால் இரண்டு வீடுகளிலும் ஓர் ஆசிரியர் இருந்தார், புத்தகம் இருந்தது, பள்ளியின் மொழி பேசப்பட்டது. இவை இல்லாத வீடுகளில் எத்தனை லூயிஸ்கள், எத்தனை வால்காட்டுகள் இருந்தார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

பின்னர் ‘காமன் என்ட்ரன்ஸ்’ என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. பதினோரு வயதில் எழுதும் அந்தத் தேர்வின் மதிப்பெண்தான் ஒரு குழந்தை எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகும், போகுமா போகாதா என்பதைத் தீர்மானித்தது. உயர்ந்த மதிப்பெண் பெற்ற சிறுவர்கள் செயின்ட் மேரிஸுக்கும், சிறுமியர் செயின்ட் ஜோசப்ஸ் கான்வென்டுக்கும் சென்றார்கள். சிறந்த மாணவர்களையே தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளியில் சிறந்த முடிவுகள் வருவதில் வியப்பென்ன இருக்கிறது? அந்தப் பள்ளி ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பள்ளிகளை ஒப்பிடும்போது யார் உள்ளே வந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வருகிற எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியில் பணிபுரியும் நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசல் அகன்றது எப்படி?

அந்தக் குறுகிய வாசல் வழியாக வந்தவர்களே பிறகு அதை அகலமாக்க உழைத்தார்கள் என்பது இந்த வரலாற்றின் நிறைவான பகுதி.

லூயிஸ் 1959-ல் ஜமைக்காவிலிருந்த மேற்கிந்தியப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். அதுவரை இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த அந்நிறுவனம் 1962-ல் தனிப் பல்கலைக்கழகமாகியது. அதன் முதல் துணைவேந்தரும் அவரே. அவர் காலத்தில் 1960-ல் டிரினிடாட்டில் இரண்டாவது வளாகம் உருவானது. 1963-ல் பார்படோஸில் மூன்றாவது வளாகம் தொடங்கியது. 18 வயதில் கடல்கடந்து இலண்டன் போனால்தான் பட்டம் என்றிருந்த நிலை மாறி, சொந்தப் பகுதியிலேயே உயர்கல்வி பெறும் வாய்ப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது.

தேர்வு முறையும் மாறியது. அதுவரை கரீபியன் மாணவர்கள் எழுதியவை இங்கிலாந்திலிருந்து வரும் வினாத்தாள்கள். விடைத்தாள்களும் கப்பலேறி இங்கிலாந்துக்கே போகும். படித்தது இங்கிலாந்தின் வரலாறு, இங்கிலாந்தின் பூக்கள், இங்கிலாந்தின் பருவங்கள். பனியையே பார்த்திராத குழந்தை பனிக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியது. 1972-ல் அந்த வட்டார நாடுகள் சேர்ந்து கரீபியன் தேர்வுக் குழுவை ஏற்படுத்தின. 1979-ல் முதல் தேர்வு நடந்தது. கரீபியன் வரலாறும் கரீபியன் எழுத்தாளர்களும் பாடத்திட்டத்திற்குள் வந்தார்கள். அந்தத் தேர்வில் இன்னொரு சிறப்பும் உண்டு. மாணவர் தன் பள்ளியிலேயே செய்யும் செயல்திட்டத்தை அவருடைய ஆசிரியரே மதிப்பிடுகிறார். அதைத் தேர்வுக் குழு சரிபார்த்து இறுதி மதிப்பெண்ணில் சேர்க்கிறது. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு மட்டுமே முடிவு செய்வதில்லை.

1979 அந்தத் தீவுக்கு இன்னொரு வகையிலும் மறக்க முடியாத ஆண்டு. பிப்ரவரி 22-ல் செயின்ட் லூசியா விடுதலை பெற்றது. அப்போது பிரதமராக இருந்த ஜான் காம்ப்டனும் செயின்ட் மேரிஸ் மாணவர். அதே ஆண்டின் இறுதியில் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும், தீவின் எல்லாக் குழந்தைகளுக்கும் உயர்நிலைப் பள்ளியில் இடம் என்ற நிலை வந்தது 2006-ல்தான். அதாவது, செயின்ட் மேரிஸ் தொடங்கி 116 ஆண்டுகள் கழித்து. அதுவரை நுழைவுத் தேர்வில் இடம் பெறாத பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியின் மேல்வகுப்புகளிலேயே தங்கிப் படிப்பை முடித்துக்கொண்டார்கள். என் மாணவி கேட்ட கேள்விக்கு அந்த நாடு அன்றுதான் பதில் சொல்லத் தொடங்கியது.

இன்று காஸ்ட்ரீஸ் நகரின் நடுவே உள்ள சதுக்கத்திற்கு வால்காட்டின் பெயர். முன்பு அதற்குக் கொலம்பஸ் சதுக்கம் என்று பெயர். இருவரின் மார்பளவுச் சிலைகளும் அங்கே இருக்கின்றன. கிழக்குக் கரீபியன் நாடுகளின் 100 டாலர் தாளில் லூயிஸின் படம் இடம்பெற்றுள்ளது. நகருக்கு மேலே மோர்ன் ஃபோர்ச்சூன் குன்றில் அவர் பெயரால் அமைந்த கல்லூரி வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் இருவரின் பிறந்த நாளையொட்டிச் சொற்பொழிவுகளும் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன.

நம் வகுப்பறையில்

இந்தச் செய்திகளை வகுப்பில் பயன்படுத்தச் சில வழிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் கரீபியன் பகுதியை வரைபடத்தில் குறிக்கும்போது செயின்ட் லூசியாவையும் குறிக்கச் செய்யலாம். ஒரே தீவு 14 முறை கைமாறியது ஏன் என்ற கேள்வியிலிருந்து கரும்பு, அடிமை வணிகம், கடல்வழி ஆதிக்கம் ஆகியவற்றை விளக்கலாம். லூயிஸின் ‘நான்கு பேர் வேலையை ஏழு பேர்’ என்ற கருத்தை, வகுப்பறையிலேயே மாணவர்களை நிறுத்தி ஒரு சிறு நடிப்பாகச் செய்துகாட்டலாம். பத்து நிமிடம் போதும். மறைமுக வேலையின்மை அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மொழி ஆசிரியர்கள், தங்கள் ஊரில் பாடப்பொருளாகக்கூடிய ஓர் உழைப்பைத் தேர்ந்து எழுதச் சொல்லலாம். நிலக்கரி சுமந்த பெண்கள் ஒரு காவியத்தில் இடம்பெற்றதைச் சொல்லிவிட்டு இந்தப் பயிற்சியைக் கொடுத்தால், மாணவர்கள் தங்கள் பாட்டி, அம்மா செய்யும் வேலையைப் பற்றித் தயக்கமின்றி எழுதுவார்கள். வட்டார வழக்கில் அவர்கள் எழுதும் சொற்களை உடனே சிவப்பு மையால் அடிக்காமல், முதலில் படித்துக் காட்டச் சொல்லலாம்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகம் இல்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு, அலிக்ஸ் தன் பிள்ளைகளுக்குச் செய்ததை நாம்தான் செய்தாக வேண்டும். வாரம் ஒரு நாள், பாடநூலுக்கு வெளியே ஒரு கதையையோ பாட்டையோ வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். நூலக அலமாரியின் சாவியை ஒரு மாணவரின் பொறுப்பில் விடுவோம். கணக்கில் 35 மதிப்பெண்ணைத் தாண்ட முடியாமல் தவிக்கும் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதுகிறது, என்ன வரைகிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்போம்.